செக் எஞ்சின் லைட் எரியுதா? பார்ட்டுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி காரணத்துக்குக் கொடுங்க

23,600 ரூபாய். போன மாசம் என் சித்தி பையன் வாட்ஸ்அப்ல அனுப்பின எஸ்டிமேட்டோட மொத்தத் தொகை இது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "அண்ணா, கையில அவ்ளோ இல்ல. கிரெடிட் கார்டுல தேய்ச்சு ஆறு மாச ஈஎம்ஐ-யா மாத்திடவா? இன்னிக்கே சொன்னாத்தான் பார்ட்ஸ் ஆர்டர் போடுவாங்களாம்."

அவனுக்கு 25 வயசு. சோழிங்கநல்லூர்ல வேலை, கைக்கு வர்றது 38,000. ரெண்டு வருஷம் முன்னாடி லோன் வாங்காம, சேர்த்து வச்ச காசுல ஒரு 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் செகண்ட்ஹேண்டா எடுத்தான். அந்த விஷயத்துல எனக்கு அவன் மேல மரியாதை உண்டு. அதனாலதான் அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. கடன் இல்லாம வாங்கின வண்டியை ரிப்பேருக்காகக் கடன்ல தள்ளப் பார்க்கிறான்.

கணக்கு போட்டுப் பாருங்க. 16% வட்டின்னு வச்சுக்கிட்டா 23,600-க்கு ஆறு மாச ஈஎம்ஐ சுமார் 4,120 ரூபாய். வட்டி மட்டும் 1,100-க்கு மேல, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ் தனி. பணம் போறது ஒரு பக்கம். அந்த 23,600 எதுக்காகன்னு அவனுக்கே தெரியல. அதுதான் எனக்குப் பெரிய பிரச்சனையா பட்டுச்சு.

எஸ்டிமேட்டை அப்படியே சொல்றேன். இக்னிஷன் காயில் 4, தலா 3,100. இரிடியம் ஸ்பார்க் பிளக் 4, தலா 750. த்ராட்டில் பாடி கிளீனிங் 1,400. இன்ஜெக்டர் கிளீனிங் 1,600. ஸ்கேனிங், ஈசியூ ரீசெட் 600. லேபர் 1,000. ஆக மொத்தம் 20,000, மேல 18% ஜிஎஸ்டி. கீழே ரிமார்க்ஸ்ல ஒரே ஒரு வரி: "பி0353".

அந்த ஒரு வரிதான் முழுக் கதையும். மத்ததெல்லாம் அதைச் சுத்திக் கட்டின கோட்டை.

முதல்ல காயில் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கணும், ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க. உங்க பேட்டரி கொடுக்கிறது 12 வோல்ட். பிளக்ல தீப்பொறி தாண்டுறதுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேணும், காயில் நல்லா இருந்தா 20,000, 30,000 வோல்ட் வரைக்கும்கூட உண்டாக்கும். உள்ளே ரெண்டு சுருள் இருக்கும். தடிமனான கம்பியில கொஞ்சம் சுத்து, அது பிரைமரி. மெல்லிசான கம்பியில ஆயிரக்கணக்கான சுத்து, அது செகண்டரி. பிரைமரியில கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஈசியூ படக்குன்னு அதை நிறுத்தும். அந்த நொடியில செகண்டரியில ஹை வோல்டேஜ் கிளம்பி பிளக்குக்குப் போகும். இப்போ இருக்கிற பெரும்பாலான பெட்ரோல் கார்ல ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். ஆக நாலு சிலிண்டருக்கு நாலு காயில், நாலு கப்ளர், ஈசியூவிலிருந்து தனித்தனியா நாலு சிக்னல் ஒயர்.

இப்போ கோடுக்கு வருவோம். பி0301-லிருந்து பி0304 வரைக்கும் வந்தா, முறையே 1-லிருந்து 4 வரைக்கும் உள்ள சிலிண்டர்ல மிஸ்ஸிங் அடிக்குதுன்னு அர்த்தம். காரணம் பிளக்கா இருக்கலாம், காயிலா இருக்கலாம், இன்ஜெக்டரா இருக்கலாம், கம்ப்ரஷனே குறைஞ்சிருக்கலாம். பி0351-லிருந்து பி0354 வரைக்கும் வர்றது வேற. அது நேரா எலக்ட்ரிக்கல் பக்கம் கை காட்டுது. பி0353-ன்னா மூணாவது காயிலோட சர்க்யூட்ல கோளாறு.

சர்க்யூட். காயில்னு அது சொல்லவே இல்ல. காயில், கப்ளர், உள்ளே இருக்கிற பின், 12 வோல்ட் சப்ளை ஒயர், சிக்னல் ஒயர், எர்த், கடைசியில ஈசியூ, இது அத்தனையும் சேர்ந்ததுதான் சர்க்யூட். வீட்டுல ஒரு ஃபேன் சுத்தலைன்னா உடனே புது ஃபேன் வாங்குவீங்களா? ஸ்விட்சைப் பார்ப்பீங்க, ரெகுலேட்டரைப் பார்ப்பீங்க. அதுவும் ஒரு ஃபேன் நின்னதுக்கு நாலு ரூம் ஃபேனையும் மாத்தச் சொன்னா அந்த ஆளை வாசலோட அனுப்பிடுவீங்க. கார்னு வந்தா மட்டும் ஏன் தலையாட்டுறோம்?

இதை நான் மேல உட்கார்ந்துகிட்டு சொல்லல. அஞ்சு வருஷம் முன்னாடி என் பழைய கார்ல இதே மாதிரி ஒரு கோடு வந்துச்சு. நான் ரொம்ப புத்திசாலி மாதிரி 800 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி, மொபைல்ல கோடு படிச்சு, ஆன்லைன்ல காயில் ஆர்டர் போட்டு, நானே மாட்டினேன். மூணு நாள் கழிச்சு அதே கோடு. சரி, டூப்ளிகேட் பார்ட் போலன்னு ஒரிஜினல் ஒண்ணு வாங்கினேன். திரும்பவும் வந்துச்சு. எலக்ட்ரிக்கல் பார்ட், பிரிச்சதுக்கு அப்புறம் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. 6,800 ரூபாய் போச்சு. கடைசியில பார்த்தா கப்ளருக்குள்ள ஒரு பின் பின்னாடி தள்ளிப் போயிருந்துச்சு. மெக்கானிக் அதை இழுத்து உட்கார வச்சதுக்கு 200 வாங்கினார். அந்த ரெண்டு காயிலும் இன்னும் என் அலமாரியில இருக்கு.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். ஆர்டர் போட வேண்டாம்னு சொல்லச் சொன்னேன். அடுத்த நாள் காரை டோ பண்ணி மேடவாக்கத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கொண்டு போனோம். போனதும் நான் சொன்ன முதல் விஷயம்: "அண்ணே, பார்த்துச் சொல்றதுக்கு மட்டும் எவ்ளோ? ரிப்பேர் இங்க பண்ணினாலும் பண்ணாட்டாலும் அதைக் கொடுத்துடுறோம்." அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். 500-ன்னு சொன்னார்.

அவர் பண்ணினதை வரிசையா சொல்றேன், ஏன்னா வரிசைதான் இங்க காசு. முதல்ல ஸ்கேனர் போட்டு கோடோட ஃப்ரீஸ் ஃபிரேமையும் பார்த்தார். கோளாறு பதிவான நேரத்துல எஞ்சின் என்ன ஆர்பிஎம்ல ஓடுச்சு, எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு ஈசியூ குறிச்சு வச்சிருக்கும் குறிப்பு அது. ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துல, எஞ்சின் குளிர்ந்த நிலையில வந்திருக்கு. மழை பெய்ஞ்ச மறுநாள் காலைன்னு தம்பி சொன்னதோட அது பொருந்திச்சு. அடுத்து எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு மூணாவது காயிலையும் முதல் காயிலையும் கழட்டி இடம் மாத்தினார். பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தார், தண்ணி நிக்குதா, வால்வ் கவர் பேக்கிங் வழியா ஆயில் கசிஞ்சு இறங்கியிருக்கான்னு. ரெண்டும் இல்ல. கோடை அழிச்சுட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

இந்த இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். காயில் கெட்டுப் போயிருந்தா அது போன இடத்துக்கே கோளாறும் போகணும், அதாவது பி0351 வரணும். வந்தது மறுபடியும் பி0353. சந்தேகப்பட்ட காயில் முதல் சிலிண்டர்ல உட்கார்ந்து ஜம்முனு வேலை செய்யுது. நல்ல காயில் மூணாவதுல போய் சும்மா நிக்குது. செலவு பூஜ்யம், நேரம் பத்து நிமிஷம், 12,400 ரூபாய் காயில் அங்கேயே எஸ்டிமேட்டிலிருந்து காணாம போச்சு.

அதுக்கப்புறம் மல்டிமீட்டர். கீ ஆன்ல மூணாவது கப்ளருக்கு 12 வோல்ட் வருதா? வந்துச்சு. எர்த் சரியா? சரி. அப்போ மிச்சம் இருக்கிறது சிக்னல் ஒயரும் ஈசியூவும்தான். பேட்டரியைக் கழட்டிட்டு, ஈசியூ கப்ளரையும் கழட்டி, ரெண்டு முனைக்கும் கன்டின்யுட்டி வச்சார். மீட்டர் கீ...ன்னு கத்திச்சு. ஒயரிங்கை லேசா ஆட்டினார், சத்தம் நின்னுச்சு. திரும்ப ஆட்டினார், கத்திச்சு. டேப்பைப் பிரிச்சா உள்ளே எலி கடிச்ச தடம். ஒயர் பாதி அறுந்து, மிச்ச செம்பு பச்சை பிடிச்சுக் கிடந்துச்சு. மழை ஈரம் ஏறினதும் மொத்தமா கை விரிச்சிருக்கு.

பச்சை ஏறின துண்டை வெட்டி எடுத்துட்டு, அதே தடிமன்ல புது ஒயர் சேர்த்து சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு டேப் சுத்தினார். 600 ரூபாய். பிளக்கைக் கழட்டும்போது 52,000 கிலோமீட்டர் ஓடினதுன்னு தெரிஞ்சது, சாதாரண நிக்கல் பிளக்குக்கு அது அதிகம். முனை தேய்ஞ்சு இடைவெளி அதிகமானா அதைத் தாண்ட காயில் கூடுதல் வோல்டேஜ் உண்டாக்கணும், காயில் சீக்கிரம் போறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால கம்பெனி சொன்ன அதே வகை பிளக் நாலும் போட்டோம், 720 ரூபாய். பார்த்த கூலி 500. மொத்தம் 1,820.

இங்க நிறுத்திட்டு "பாருங்க, எப்படி ஏமாத்துறாங்க"ன்னு நான் எழுதினா நிறைய ஷேர் ஆகும். ஆனா அது உண்மை இல்ல. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை பார்க்கிறான், அவன்கிட்ட இந்த எஸ்டிமேட்டைக் காட்டினேன். அவன் சொன்னது: "ஒயர் எங்க அறுந்திருக்குன்னு தேட ரெண்டு மணி நேரமும் ஆகலாம், நாலு மணி நேரமும் ஆகலாம். தேடினதுக்கு 1,500 பில் போட்டா கஸ்டமர் சண்டைக்கு வருவார், 'சும்மா பார்த்ததுக்கு காசா'ன்னு. அதே ஆள் 12,000-க்கு பார்ட் போட்டா ஒண்ணும் சொல்லாம கட்டுவார். ஒரு காயில் மட்டும் மாத்தி அடுத்த மாசம் இன்னொண்ணு போனா ஒரு ஸ்டார் ரிவியூ போடுவார். நாங்க என்ன பண்றது?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஏன்னா இது நாமளே உருவாக்கி வச்ச சந்தை. கையில பிடிச்சுப் பார்க்கிற பொருளுக்குத்தான் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். டாக்டர் ஃபீஸ் 500-க்கு மூஞ்சியைச் சுளிச்சுட்டு, மெடிக்கல்ல 2,000-க்கு சத்தமில்லாம மாத்திரை வாங்குற அதே புத்தி. ஃபீஸ் வாங்குற ஃபைனான்ஷியல் அட்வைசர்கிட்ட போக மாட்டோம், "ஃப்ரீ"யா ஆலோசனை சொல்ற ஆள்கிட்ட எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்துட்டு வருவோம். பார்ட் வித்தாத்தான் காசுன்னு ஒருத்தரை உட்கார வச்சுட்டு, அவர் பார்ட் விக்கிறாரேன்னு கோபப்பட்டா எப்படி?

அதனால நான் சொல்றது இதுதான்: டயக்னோசிஸ் சார்ஜை நீங்களே கேட்டுக் கொடுங்க. "என்ன டெஸ்ட் பண்ணீங்க, எதனால இந்தப் பார்ட்டுன்னு முடிவு பண்ணீங்க"ன்னு கேளுங்க. "ஸ்கேனர் சொல்லுச்சு"ங்கிறது பதில் இல்ல. "காயிலை மாத்தி வச்சுப் பார்த்தோம், கோடு கூடவே போச்சு"ங்கிறது பதில். எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க, கழட்டின பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்க. சேவையில குறைபாடு இருந்தா 1915-ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு. ஆனா மேல சொன்ன கேள்வியை மரியாதையா முதல்லயே கேட்டா பெரும்பாலும் அதுவரைக்கும் போக வேண்டி வராது.

சில விஷயத்துல அந்த சர்வீஸ் சென்டர் சொன்னது சரிதான், அதையும் சொல்லிடணும். "இதே நிலையில ஓட்டாதீங்க"ன்னு சொன்னாங்க. நூத்துக்கு நூறு சரி. செக் எஞ்சின் லைட் நிலையா எரிஞ்சா சீக்கிரம் காட்டணும், விட்டு விட்டு மின்னினா அங்கேயே ஓரமா நிறுத்தணும். மிஸ்ஸிங் அடிக்கிற சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் நேரா சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும். அது உருகிப் போச்சுன்னா 23,600 எல்லாம் சின்ன பில்லா தெரியும். என் தம்பி மின்னுற லைட்டோட மூணு கிலோமீட்டர் ஓட்டிட்டு சென்டருக்குப் போயிருக்கான். அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டான், என்கிட்டயும், எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்டயும்.

நாலு காயிலையும் சேர்த்து மாத்துறது எப்பவுமே தப்புன்னும் சொல்ல மாட்டேன். சில எஞ்சின்ல காயிலைத் தொடணும்னா மேல இருக்கிற இன்டேக் மேனிஃபோல்டையே கழட்டணும், ஒவ்வொரு தடவையும் லேபர் கொட்டணும். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, ஒரு காயில் போய், மத்த மூணும் அதே வயசுன்னா, சேர்த்து மாத்துறது கணக்குல சரியா வரும். ஆனா பானெட்டைத் திறந்ததும் ஒரே போல்ட்ல கையோட வர்ற காயிலுக்கு அந்த நியாயம் பொருந்தாது. போனது எதுவோ அதை மாத்துங்க. பிளக்கை மட்டும் எப்பவும் செட்டா மாத்துங்க.

"அப்போ நாங்களும் ஸ்கேனர் வாங்கணுமா?" வாங்கலாம். 600-லிருந்து 1,500-க்குள்ள கிடைக்குது. ரிப்பேர் பண்றதுக்காக இல்ல, நான் பட்டதே போதும். பேங்க் லோனுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம கிரெடிட் ரிப்போர்ட்டை நாமளே ஒரு தடவை பார்த்துட்டுப் போறோம் இல்லையா, அதே மாதிரி. கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. ஆப்ல "கிளியர்" பட்டன் இருக்கும், மெக்கானிக் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைத் தொடாதீங்க. அழிச்சா அந்த ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போயிடும், பேட்டரி ஒயரைக் கழட்டினாலும் பெரும்பாலும் அதே கதைதான். இன்னொண்ணு, பழைய வீடியோ சிலதுல எஞ்சின் ஓடும்போதே காயிலைப் பிடுங்கி ஸ்பார்க் வருதான்னு பார்ப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஷாக் ஒரு பக்கம், காயிலும் ஈசியூவும் போற ஆபத்து இன்னொரு பக்கம். ஓம்ஸ் வச்சு காயிலை அளக்கிறதும் எல்லா காயிலுக்கும் ஒத்து வராது. உள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிற மூணு பின், நாலு பின் காயில்ல அந்த ரீடிங்கை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இன்சூரன்ஸ் பத்தி தம்பி கேட்டான், "ஜீரோ டெப் எடுத்திருக்கேனே அண்ணா." ஜீரோ டெப், கிளெய்ம் ஏத்துக்கிட்ட பார்ட்டுக்குத் தேய்மானம் கழிக்காம காசு தரும், அவ்ளோதான். வழக்கமான கார் பாலிசியில மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது, காயில் தானா கெட்டுப் போனா அது உங்க செலவு. எலி கடி விஷயம் உங்க பாலிசி வாசகத்தைப் பொறுத்தது, படிச்சுப் பாருங்க. ஏத்துக்கிட்டாலும் 1,800 ரூபாய்க்கு கிளெய்ம் போட்டு நோ கிளெய்ம் போனஸை இழக்கிறது வெறும் நஷ்டம். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கே ஓன் டேமேஜ் பிரீமியத்துல 20% தள்ளுபடி, அது படிப்படியா 50% வரைக்கும் போகும்.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்க எமர்ஜென்சி ஃபண்டை இதுக்குத் தொடக் கூடாதுங்கிறது என் கருத்து. கார் ரிப்பேர் எமர்ஜென்சியே இல்ல, தேதி தெரியாத வழக்கமான செலவு. தம்பி இப்போ சம்பளம் வந்த மறுநாள் 1,500 ரூபாய் தனி ஆர்டி-யில போடுறான். ஈஎம்ஐ-ன்னா மாசம் 4,120 கட்டியிருப்பான், அதோட ஒப்பிட்டா இது அவனுக்கு லேசா இருக்கு. முக்கியமா, கட்டின ஈஎம்ஐ-க்கு நாலு புதுக் காயிலும் அதே அறுந்த ஒயரும்தான் மிஞ்சியிருக்கும்.

வண்டி ஒரு மாசமா சுத்தமா ஓடுது, கோடு வரல. ஒயரிங் மேல எலி கடிக்காம இருக்க ஸ்லீவ் போட்டாச்சு. இப்போ அவன் சண்டையெல்லாம் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்கூட, பார்க்கிங் ஓரத்துல இருக்கிற குப்பைத் தொட்டியை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி. மூணு மெயில் போட்டுட்டான். அடுத்த மீட்டிங்ல பேசலாம்னு பதில் வந்திருக்கு.